யார் பேருக்கு பில்?

— ஆறாவது தபா சார் இது! ஆறு தபா பில் எழுதிகினு நாலு மாடி ஏறி வந்துட்டேன். இதுவும் தப்புன்னா இன்னாதான் பண்ணட்டும்? ரத்தத்துல எழுதிகினு வரட்டுமா?

— கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். மொதல்ல உக்காருங்க. எப்படி மூச்சு வாங்குது பாருங்க. ஏனுங்க, லிப்ட்ல வரலாமில்ல?

— உங்க லிப்ட்டு ஊட்டுக்காரங்களுக்காம். எங்கள மாதிரி ஆளுங்க போற லிப்ட்டு ரிப்பேராம். வாட்ச்மேன் சொல்றாரு. உள்ள வர்றவங்க பேர அமுக்குற அவரு மொபைல்ல என் பேருக்கு நேரா இன்னா போட்டுகீது தெரியுமா? ‘துலுக்கானம், கங்காதரன் வீடு, வீட்டு உதவி.’ இருபத்தேழு வருசமா டிராயிங் மாஸ்டரு சார் நானு. உங்க ஊட்ல வந்து பாத்திரமா கழுவினேன்?

— அதுல டிராயிங்னு ஒரு ஆப்ஷனே இல்லீங்க மாஸ்டர். நானே தேடிப் பாத்தனுங்க. வீட்டு உதவி, கொரியர், பிளம்பர், இவ்வளவுதான் காட்டுது. பிளம்பர்னு போட்டா நல்லா இருக்காதேன்னுதான்...

— பிளம்பர்னே போட்டிருக்கலாம். அவருக்காவது வேலை முடிஞ்ச கையோட துட்டு குடுத்து அனுப்புறீங்க.

— மாஸ்டருக்குக் கோவத்துலயும் தமாசுதான் போங்க!

— சிரிக்காதீங்க சார். பாப்பாவுக்கு கிளாஸு எடுத்தது அஞ்சு மாசம். மாசம் ரெண்டாயிரத்து ஐநூறுன்னா பன்னெண்டாயிரத்து ஐநூறு. வாயத் தொறந்து கேட்டா ‘பில் குடுங்க மாஸ்டர், பில் குடுங்க மாஸ்டர்’. நான் பொறந்ததுலேர்ந்து எவனுக்கும் பில் குடுத்ததில்ல. கை நீட்டுவேன், குடுப்பாங்க. இல்லாட்டி குடுக்க மாட்டாங்க. ரெண்டுக்குமே பேப்பர் தேவப்பட்டதில்ல.

— இது கம்பெனி ப்ராசஸ்ங்க மாஸ்டர். பில் இருந்தாத்தான் கம்பெனி காசு குடுக்கும். கம்பெனி குடுத்தாத்தான் நான் உங்களுக்கு...

— ப்ராசஸ்ஸு! எனக்கு கனவுல கூட அந்த வார்த்த வருது சார். மொத பில்லு வெள்ளத்தாள்ல எழுதிகினு வந்தேன். அழகா, மார்ஜின் போட்டு. இன்னா சொன்னீங்க?

— அது லீவ் லெட்டர் மாதிரி இருந்துச்சுங்க. கடைசியில ‘தங்கள் உண்மையுள்ள’ன்னு வேற போட்டிருந்தீங்க.

— உண்மையா கீறதும் தப்பா? சரின்னு ஆவடி மார்க்கெட்ல போயி பில் புக்கு வாங்கினேன். அது மளிகைக்கடை பில் புக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாப்பது கிளாஸுன்னு எழுதினா, அந்தக் கட்டத்துல ஏற்கனவே ‘கிலோ’ன்னு அச்சடிச்சுகீது.

— ‘ஓவியம், நாப்பது கிலோ.’ அதை நான் ஆபீஸ்ல காட்டியிருந்தா என் பொழப்பு என்னாகிறதுங்க?

— அப்புறம் சபீனாம்மா ஜெராக்ஸ் கடையில டைப் அடிச்சேன். பக்கத்துக்கு அறுபது ரூபா. அந்தம்மா தலைப்புல பெருசா ‘துலுக்கானம் ஆர்ட் அகாடமி பிரைவேட் லிமிடெட்’னு போட்டுச்சு. ஏம்மா இதுன்னேன். ‘இருக்கட்டும்ணா, கெத்தா கீது’ன்னுச்சு.

— அதான் எடுக்கச் சொன்னனுங்க. லிமிடெட்னு போட்டா வேற கேள்வி எல்லாம் கேப்பாங்க.

— எடுத்துகினு வந்தேன். நாலாவது பில்லு. பில் நம்பர் ஒண்ணுன்னு கீது, சந்தேகப்படுவாங்கன்னீங்க. என் வாழ்க்கையில மொத பில்லு சார், ஒண்ணுன்னு போடாம முந்நூத்திப் பதினாறுன்னா போடுவேன்?

— கடைசியில முந்நூத்திப் பதினாறுன்னு தானுங்க போட்டீங்க.

— நீங்க சொன்னதால போட்டேன்! அஞ்சாவதுக்கு வந்தா, நாப்பது கிளாஸு இல்ல, முப்பத்தெட்டுதான்னீங்க. கேட்டுல கீற மொபைலு அப்டி காட்டுதாம். ரெண்டு நாளு வாட்ச்மேன் என் பேர அமுக்க மறந்துட்டாரு, அதுக்கு நான் இங்க வரவேயில்லையா? அந்த ரெண்டு நாள்ல ஒரு நாளு உங்க சம்சாரமே எனக்கு சுண்டல் குடுத்தாங்க. நவராத்திரி. சுண்டலுக்கு பில் கீதா சார்?

— அதை நான் ஒத்துக்கிட்டனுங்களே! நாப்பதுன்னே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். இப்ப இந்த ஆறாவது பில்லு பிரமாதமா இருக்குதுங்க. தேதி கரெக்ட், தொகை கரெக்ட், கையெழுத்து கரெக்ட். ஒரே ஒரு சின்ன மாத்தந்தான்.

— அதத்தான் கேக்குறேன். இன்னா மாத்தம்?

— ‘மாணவர் பெயர் ஜி. அருள்மொழி’ன்னு இருக்குதுங்களா? அங்க ‘என். கங்காதரன்’னு போட்றுங்க.

— உங்க பேரா?

— ஆமாங்க.

— நீங்க எங்க சார் டிராயிங் கத்துக்கினீங்க?

— சத்தமாப் பேசாதீங்க மாஸ்டர், பாப்பா உள்ள இருக்கறா. விசயம் என்னன்னா, எங்க கம்பெனியில ஊழியர் ஏதாச்சும் புதுசாக் கத்துக்கிட்டா அந்தச் செலவைக் குடுத்துடுவாங்க. ஊழியருக்கு மட்டுந்தானுங்க. குழந்தைகளுக்குக் கெடையாது. நான் அதைச் சரியாப் படிக்கல. நேத்துதான் பாத்தேன். இன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணியோட மூடறாங்க. அப்பறம் அடுத்த வருசந்தான்.

— அப்போ நாப்பது நாளு உங்க சோபாவுல உக்காந்து நீங்க யானை வரைஞ்சீங்க, நான் கத்துக் குடுத்தேன்னு நான் எழுதணும்.

— பேரு மட்டும் தானுங்க மாத்தம்.

— மாட்டேன்.

— மாஸ்டர்...

— மாட்டேன் சார். நானு பொய் பில்லு எழுத மாட்டேன். எனக்குன்னு சொத்தா கீறது இந்த ஒரு கையெழுத்துதான். அதுவும் அவ்ளோ அழகா இல்ல, ஒத்துக்கிறேன். டிராயிங் மாஸ்டரு கையெழுத்து இவ்ளோ கேவலமான்னு பேங்க்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு. ஆனா அதுக்கு மேல ஒரு நாளும் பொய் இருந்ததில்ல.

— எல்லாரும் பண்றதுதானுங்க. எதுத்த வீட்டு ரகுநாதன் சார், அவரு பையன் கீபோர்டு கிளாஸுக்கு அவரு பேர்லதான் பில் வாங்கறாரு. போன வருசம் அவரு ஆபீஸ் ஆண்டு விழாவுல வாசிக்கச் சொல்லிட்டாங்களாம், கையில கட்டுப் போட்டுட்டுப் போனாரு. அது வேற கதை.

— அவருக்கு கீபோர்டு மாஸ்டரு எழுதிக் குடுத்தாரு. நான் குடுக்கல. கொழந்த கத்துக்கின வித்தைய அப்பன் பேருக்கு மாத்தி எழுதறது திருட்டு சார். யாரு கத்துக்கினாங்களோ அவங்க பேருதான் பில்லுல வரணும். இதுல இன்னா கஷ்டம்?

— கஷ்டம் என்னன்னா, இந்த ஃப்ளாட்டுக்கு மாசம் நாப்பத்தோராயிரம் லோன் கட்டறனுங்க. பாப்பா ஸ்கூல் ஃபீஸ் தனி. கம்பெனி தருதுன்னு நம்பித்தான் இந்தக் கிளாஸையே ஆரம்பிச்சோம். உங்களை ஏமாத்தணும்னு இல்ல மாஸ்டர். பில் கையில வந்தா, அப்லோட் பண்ணின அடுத்த நிமிசம் உங்களுக்கு ஜிபே. இங்கயே, உங்க கண்ணு முன்னாடி.

— இல்லாட்டி?

— இல்லாட்டி... மாசம் ஆயிரம், ஆயிரமாத்தானுங்க தர முடியும்.

— எனக்கு இன்னிக்கு வேணும் சார்! பருத்திப்பட்டுல மாவு மில்லு மேல ஒரு ரூமு பாத்துகீறேன். நல்ல வெளிச்சம், ஜன்னல தொறந்தா ஏரி தெரியும். அட்வான்ஸ் இருபதாயிரம். கையில ஏழாயிரத்து ஐநூறு கீது. இந்தத் துட்டு வந்தா கரெக்டா இருபது. ஊட்டுக்காரம்மா சாமுண்டீஸ்வரி இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான் டைம் குடுத்துகீது. என் பேருல ஒரு போர்டு சார். பசங்க என்ன தேடிகினு வரணும். நான் எவன் ஊட்டு லிப்ட்டுக்காவும் நிக்கக் கூடாது. அம்பத்து மூணு வயசுல இது பேராசையா?

— அப்பறம் என்னுங்க! ஒரு பேரு மாத்தறதுல ரெண்டு பேரு வேலையும் முடிஞ்சுருது.

— முடியாதுன்னா முடியாது! ... இருங்க. ஒரு வழி கீது.

— சொல்லுங்க.

— நெஜமாவே கத்துக்கங்க. இந்தாங்க பென்சிலு. இது சார்ட்டு. உக்காருங்க.

— இப்பவா? மணி நாலரை மாஸ்டர்!

— ஆறு மணிக்குத்தானே மூடறாங்க? என் கண்ணு முன்னாடி ஒரு படம் வரைங்க. அப்புறம் என் மனசு இன்னா சொல்லுதுன்னு பாக்குறேன்.

— சரி, உங்க திருப்திக்கு. என்ன வரையட்டும்?

— தோணறத வரைங்க. பேசிகினே வரைங்க. பாப்பா இன்னா பண்ணுது? கிளாஸு டைம் ஆச்சே?

— பிரஷ்ஷுக்குத் தண்ணி புடிச்சுட்டு இருக்கறா. அதுல எல்லாம் ரொம்ப சின்சியர்ங்க. நாமளாச் சொல்லவே வேண்டியதில்ல, தண்ணி கலங்குச்சுன்னா ஓடிப்போயி மாத்தீட்டு வந்துருவா.

— தங்கமான கொழந்த. ... சார், அது ரெண்டு மலை, நடுவுல சூரியன்தானே?

— எப்படிங்க எட்டிப் பாக்காமயே சொல்றீங்க?

— பென்சில் புடிச்ச எல்லாரும் அந்த மலைகிட்டதான் சார் மொதல்ல வராங்க. பாதிப் பேரு அதுக்கு அப்பால போறதேயில்ல. வரைங்க. கீழ ஒரு ஆறு, பக்கத்துல ஒரு ஊடு.

— ஊடு போட்டுட்டனுங்க. தென்னை மரமும் ஆச்சு.

— தென்ன மரமா அது? நான் டேபிள் ஃபேன்னு நெனச்சேன்.

— கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். கொஞ்சம் டச் பண்ணிக் குடுங்க. பாப்பா படத்துல எல்லாம் பென்சிலை வாங்கி ரெண்டு இழுப்பு இழுத்து சூப்பராப் பண்ணிடறீங்கல்ல?

— உங்களுத எதுக்கு சார் டச் பண்ணணும்? யாரு பாக்கப் போறாங்க? பாப்பாது அப்டியா? மாசம் ஒரு படம் ஃபிரேம் போட்ற மாதிரி வேணும்னு உங்க சம்சாரம் மொத நாளே சொல்லிட்டாங்க. அபார்ட்மெண்ட் குரூப்புல போடணுமாம். நாப்பது பேரு கைதட்டற பொம்ம அனுப்புவாங்களாம். அதுல மரம் ஃபேன் மாதிரி சுத்தினா என் பேருதான் கெடும்.

— அதுவும் வாஸ்தவந்தானுங்க. அந்த மயில் படம் பாருங்க, ஹால்ல மாட்டியிருக்கறோம். அசோசியேசன் போட்டியில ரெண்டாம் பரிசு. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, ஒம்பது வயசுக் கொழந்தையா இதை வரைஞ்சுதுன்னு.

— அந்தக் கழுத்துல கீற நீலத்தப் பாத்தீங்களா? லேசுல வரல சார் அது. மூணு நாளு ஒக்காந்தேன்... ஒக்காந்தோம்.

— அதைத்தான் சொல்றனுங்க. உங்க வேலையில நான் ஒரு கொறையும் சொல்லல. ரிசல்ட் கண்ணு முன்னால இருக்குது.

— ரிசல்ட்டுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, துட்டுக்குத்தான் ஆறு பில்லு. சரி, போதும் சார். குடுங்க பாக்கலாம்.

— சித்த இருங்க மாஸ்டர். இந்தக் கூரைக்கு ஓடு மட்டும் போட்டர்றேன்.

— நேரமாவுது...

— ரெண்டே ரெண்டு வரிசைங்க. பென்சிலைப் புடிச்சு எத்தனை வருசம் ஆச்சு! பாருங்க, இந்த ஓடு கோணலாப் போச்சு. இருந்தாலும் நல்லாத்தான் இருக்குதில்லீங்க? ஒரு மாதிரி ஜாலியா இருக்குது.

— கோணலா கீது. ஆனா ஓடுன்னு தெரியுது. ... இருங்க, போனு அடிக்குது. அலோ? ஆங், துலுக்கானந்தாம்மா. ... இல்லம்மா, வந்துகினே கீறேன். ... யாரு? ... பியூட்டி பார்லர் பொண்ணா? ... முழு அட்வான்ஸும் கையில வெச்சிகினு நிக்குதா? எம்மா, எம்மா, ஆறு மணி வரைக்கும்னு சொன்னியேம்மா! ... அஞ்சரையா? ... சரிம்மா. அஞ்சரை. ஜிபே பண்ணிடறேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு டீ வாங்கிக் குடு, நான் துட்டு குடுத்துடறேன். வெச்சிடாத... அலோ?

— என்னாச்சுங்க?

— அஞ்சரைக்கு மேல அந்த ரூமுல புருவம் புடுங்குவாங்க.

— மாஸ்டர், நான் சொல்றதைக் கேளுங்க. பேனா இந்தா இருக்குது. படமும் வரைஞ்சுட்டேன். நீங்க சொன்ன மாதிரி ஒரு கிளாஸ் கத்துக்கிட்டேன்.

— நாப்பதுல ஒண்ணு நெஜம். மீதி முப்பத்தொம்பது?

— அதை இனிமே கத்துக்கறனுங்க. சத்தியமா. உங்க ரூமுக்கே வர்றேன்.

— இப்டித்தான் சார் ஆளக் கவுக்கறது. ரூமுன்னு சொன்னா போதும், துலுக்கானம் கவுந்துடுவான்னு தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு. சீ! ஒரு ஜன்னலுக்காவ பொய் எழுதற ஆளா ஆயிட்டனே. ... குடுங்க அந்தப் பேனாவ.

— ரொம்ப நன்றிங்க மாஸ்டர்!

— நன்றி கின்றின்னு சொல்லாதீங்க, ஆத்திரமா வருது. எழுதறதுக்கு முன்னால ஒண்ணு. கொழந்த பேர அடிக்கிறோம். அதுகிட்ட ஒரு வார்த்த கேக்காம அடிக்க மாட்டேன். கூப்பிடுங்க பாப்பாவ.

— அவகிட்ட எதுக்குங்க இதெல்லாம்?

— கூப்பிடுங்க சார்! அந்த ஒரு நியாயமாவது மிச்சம் இருக்கட்டும்.

— கண்ணு! அருளு! இங்க வா சாமி. மாஸ்டர் கூப்பிடறாரு.

— வந்துட்டேன்ப்பா. குட் ஈவ்னிங் மாஸ்டர். தண்ணி இங்கயே வெச்சுடட்டுமா?

— வெய்யி பாப்பா. இங்க வந்து நில்லு. இதோ கீது பாரு, இது பில்லு. நீ டிராயிங் கத்துக்கினதுக்கு. இதுல உன் பேரு கீது. உங்கப்பா ஆபீஸ்ல இன்னாமோ ப்ராசஸ்ஸாம். அதுக்காவ உன் பேர அடிச்சுட்டு அவரு பேர எழுதச் சொல்றாரு. நீ அஞ்சு மாசம் கஷ்டப்பட்டு கத்துக்கின. அதனால உன்னக் கேக்குறேன். உனக்கு சம்மதமா?

— இந்தப் படம் யாரு வரைஞ்சது?

— அது நான் வரைஞ்சது கண்ணு. இப்பத்தான். சிரிக்காத.

— சிரிக்கலப்பா. ஃபுல்லா நீங்களேவா வரைஞ்சீங்க?

— ஆமா சாமி.

— மாஸ்டர் பென்சிலை வாங்கலையா?

— வாங்கல பாப்பா. நான் தொடவேயில்ல. அதான் அந்த மரம் அப்டி சுத்துது.

— நல்லா இருக்குப்பா. அப்பா வரைஞ்ச மாதிரியே இருக்கு.

— சரி பாப்பா, அஞ்சு மணி ஆவப்போவுது. மாஸ்டருக்கு அவசரம். சொல்லு. உன் பேர எடுத்துட்டு அப்பா பேர போடட்டுமா?

— என் பேரை எடுத்துடுங்க மாஸ்டர். ஆனா அப்பா பேரும் வேணாம்.

— பின்ன யாரு பேரப் போடறது?

— நீங்க கத்துனதெல்லாம் உள்ள கேட்டுச்சு மாஸ்டர். யாரு கத்துக்கிட்டாங்களோ அவங்க பேருதான் வரணும்னு சொன்னீங்கல்ல? அப்போ உங்க பேரையே போட்டுக்கோங்க. மயிலு, யானை, படகு எல்லாமே நீங்கதானே வரைஞ்சீங்க? நான் தண்ணி மட்டுந்தான் மாத்திக் குடுத்தேன்.